மலையகத்திலிருந்து பிரெஞ்சு: கண்டிக்குப் போவதா, போனிலேயே படிப்பதா?

பிரெஞ்சு படிக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, யாரிடம் பேசுவதற்கு என்றுதான். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே, த்ரீவீல், கைட் வேலை என்று பயணிகளின் முகத்துக்கு நேரே நிற்பவர்கள் ஒரு வகை. தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், அதன் விற்பனைக் கடையில் நிற்கிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, உயர்தரம் எழுதிவிட்டு கொழும்பிலோ கண்டியிலோ ஹோட்டல், பயண முகவர் நிறுவனம் என்று வேலை தேடப் போகிற பிள்ளைகள். இந்த மூன்று பேருக்கும் ஒரே வகுப்பைக் காட்டிவிடுவது நியாயமில்லை.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். தேயிலை ஏற்றுமதியில் உதவும் என்று நினைத்துப் பிரெஞ்சு தொடங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் தேயிலையைப் பெருமளவில் வாங்குகிற நாடுகள் ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் போன்றவை. கொழும்பு ஏலத்தில் ஓடுவது ஆங்கிலம். 1854-இல் தொடங்கிய மரியாஜ் ஃப்ரேர் போன்ற பழைய தேயிலை வணிக நிறுவனங்கள் பாரிஸில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த மட்டத்து வியாபாரத்தை ஆரம்பநிலைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு யாரும் பேசி முடிக்கப் போவதில்லை. நமக்குப் பிரெஞ்சு பயன்படும் இடம் சில்லறை வியாபாரம்: நேரில் வருகிற ஆள், அறை, சாப்பாடு, கால் கிலோ தேயிலைப் பொட்டலம். இலங்கைக்குப் பயணிகளை அதிகம் அனுப்பும் நாடுகளின் வரிசையில் பிரான்ஸ் வழக்கமாக முதல் பத்துக்குள் வந்துவிடும். அப்படி வருகிறவர்களில் பலர் கண்டி, நுவரெலியா, எல்ல என்று சுற்றாமல் திரும்புவதில்லை. கொஞ்சம் வயதானவர்கள் ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள். தெரியாது என்பதைவிட, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம்தான் அதிகம்.

ஆங்கிலமே தட்டுத்தடுமாறுகிறது என்றால் பிரெஞ்சை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள் என்பேன். ஜெர்மன்காரர், டச்சுக்காரர், இந்தியர் என்று வருகிற மற்ற எல்லோருக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆரம்பநிலைப் பிரெஞ்சுப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் விளக்கம் சொல்கின்றன.

எழுத்தைப் போன் பார்த்துக்கொள்ளும்

வழிகளை ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடும் ஒரு வழி, படிக்காமலே சமாளிப்பது. கூகுள் ட்ரான்ஸ்லேட், டீப்எல் எல்லாம் இப்போது கையிலேயே இருக்கின்றன. பிரெஞ்சில் வருகிற ஒரு புக்கிங் மின்னஞ்சலுக்கு, ஆரம்பநிலை முடித்தவர் அரை மணி நேரம் தலையைச் சொறிந்து எழுதும் பதிலைவிட இயந்திரம் எழுதுவது நன்றாகவே இருக்கும். இதைச் சொன்னால் பிரெஞ்சு டீச்சர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. பிரெஞ்சு அலுவலகக் கடிதங்களின் முடிவில் வருகிற நீண்ட மரியாதை வாக்கியங்களைத் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்வது வீண் வேலை. மின்னஞ்சலின் அடியில் 'கோர்தியால்மான்' என்று ஒரு சொல் போட்டால் போதும்.

இயந்திரத்தை நம்பும்போதும் நீங்களே கண்ணால் பார்க்க வேண்டியவை தேதி, நேரம், தொகை. அவர்கள் மதியம் இரண்டரையை 14h30 என்று எழுதுவார்கள். ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சதம் என்பது 1 250,50 என்று வரும். ஆயிரத்துக்கு இடைவெளி, சதத்துக்குக் காற்புள்ளி. நம் கண்ணுக்கு இது தலைகீழ். இங்கே ஒரு தொகை தப்பிப் போனால் மொழிபெயர்ப்பு எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனமில்லை.

ஆனால் நேருக்கு நேர் என்று வந்துவிட்டால் போன் உதவாது. மழையில் நனைந்த பெட்டிகளோடு வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள், சிக்னல் ஒரு கோடு விழுந்து எழும்புகிறது. அந்த நேரத்தில் போனை நடுவில் நீட்டி, அது பேசி முடிக்கும்வரை இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே நிற்பது யாருக்கும் சுகமில்லை. பிரான்ஸில் ஒரு கடைக்குள் நுழைகிறவர் 'போன்ஜூர்' சொல்லாமல் விலையைக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் அப்படித்தான். அந்த முதல் சொல்லும், அதற்குப் பின்னால் வருகிற பத்து இருபது வாக்கியங்களும் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான். ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் வாய் எத்தனை நிமிடம் பேசுகிறது, உங்கள் காது எத்தனை நிமிடம் உண்மையான பிரெஞ்சைக் கேட்கிறது? எழுத்தும் இலக்கண அட்டவணையும் பிறகு வரட்டும். ஐரோப்பிய மொழித் தர வரிசையில் முதல் படியான ஏ1 தொடுவதற்குப் பொதுவாக 60 முதல் 100 மணி நேரம் வரை சொல்வார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை எங்கே கொட்டுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கண்டி வகுப்பு

அலியான்ஸ் பிரான்சேஸ் 1883 ஜூலையில் பாரிஸில் தொடங்கிய அமைப்பு. இலங்கையில் கொழும்பிலும் கண்டியிலும் அதற்குக் கிளைகள் உண்டு. பிரெஞ்சு படிப்பது என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் இதுதான், காரணத்தோடுதான். பாடம் ஒழுங்காகப் படிப்படியாகப் போகும். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள். உங்களைப் போலவே தடுமாறுகிற பத்துப் பேர் பக்கத்தில் இருப்பது தைரியம் தரும். சர்வதேசத் தேர்வுக்கும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

சிக்கல் பஸ்ஸில்தான் தொடங்குகிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம், திரும்பி வரவும் அதே அளவு. பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் வகுப்பே கிடையாது. சனி ஞாயிறு வகுப்பில் சேரலாம் என்றால், விடுதி வைத்திருப்பவருக்கு உள்ளூர்க் கூட்டம் வருவதும் அந்த இரண்டு நாளில்தான். வகுப்பில் விளக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள், தமிழில் அல்ல. என் அளவுகோலை வைத்துப் பார்த்தால், பதினைந்து பேர் இருக்கும் இரண்டு மணி நேர வகுப்பில், ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும் ஆளுக்கு எட்டு நிமிடம்தான். ஆறு மணி நேர பஸ்ஸுக்கு எட்டு நிமிடம்.

இதற்காக அந்த வகுப்பைக் குறை சொல்லவில்லை. பேராதனையில் படிக்கிற பிள்ளைக்கு, கண்டி டவுனில் போர்டிங் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவருக்கு, இதைவிட நல்ல வழி மலையகத்தில் கிடையாது என்றே நினைக்கிறேன். தூரத்தில் இருப்பவர் முதலில் அவர்களிடமே ஆன்லைன் வகுப்பு இந்தத் தவணையில் இருக்கிறதா, ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடல் தாண்டிய தமிழ் டீச்சர்

இனி, பலருக்குத் தோன்றாத, ஆனால் நான் அதிகம் சிபாரிசு செய்கிற வழி. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர். சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962-இல். அங்கே பிரெஞ்சு பேசும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உண்டு. சென்னையில் பிளஸ் டூ மாணவர்களில் நிறையப் பேர் மொழிப் பாடமாகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். அதனால் தமிழிலேயே விளக்கம் சொல்லிப் பிரெஞ்சு படிப்பிக்கிற டீச்சர்கள் அங்கே தாராளமாக இருக்கிறார்கள், ஆன்லைனிலும் எடுக்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றுதான். இரவு எட்டு மணி என்றால் அங்கேயும் எட்டு மணி.

தனியாக ஒருவருக்கு எடுக்கிற வகுப்பில் பாதி நேரம் உங்கள் வாய்தான் ஓடும். தமிழில் விளக்குவதால் சில இடங்களில் நேரம் நன்றாகவே மிச்சமாகிறது. விருந்தினரை எப்போதும் 'வூ' என்றுதான் அழைக்க வேண்டும், 'த்யூ' கூடாது என்பதைத் தமிழருக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள், நீ என்றால் முடிந்தது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்கிற கதைக்கு மட்டும் தமிழும் கைகொடுக்காது. அதை ஒவ்வொரு சொல்லாக விழுங்க வேண்டியதுதான்.

இந்த வழியின் பெரிய லாபம், பாடத்தை உங்கள் வேலைக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கச் சொல்லலாம் என்பது. ஆரம்பநிலைப் பாடம் எங்கே போனாலும் பாரிஸ் மெட்ரோ, பேக்கரி, வார இறுதியில் சினிமா என்றுதான் இருக்கும். தம்பதென்னவிலோ பெட்ரோவிலோ தொழிற்சாலை சுற்றிக் காட்டுகிறவருக்கு மெட்ரோ எதற்கு? அவருக்கு வேண்டியது கொழுந்து வாட்டுவது 'ஃப்ளெத்ரிசாஜ்', உருட்டுவது 'ரூலாஜ்', நிறம் மாற விடுவது 'ஒக்சிதாசியோன்', உலர்த்துவது 'செஷாஜ்'. இந்த நான்கையும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று சொல்ல எண்களையும் வைத்துக்கொண்டால் சுற்றுலாவின் பாதியை ஓட்டிவிடலாம். விற்பனை மேசைக்கு வந்ததும் கறுப்புத் தேயிலை 'தே நுவார்', பச்சைத் தேயிலை 'தே வேர்'. பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள் என்று சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. பிஓபி, பெக்கோ என்று நாம் சொல்லும் தர எழுத்துகள் அங்கேயும் அப்படியேதான். நீங்கள் ஆங்கிலத்தில் தினமும் சொல்லுகிற உரையைப் போனில் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்புங்கள். அதுவே உங்கள் பாடநூல்.

எண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரத்தில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் அது. அறுபத்தொன்பது வரை ஒழுங்காகப் போகும். எழுபது என்பது அறுபதும் பத்தும்: 'ஸ்வாசான்த்-தீஸ்'. எண்பது, நான்கு இருபது: 'கத்ர்-வான்'. தொண்ணூற்றைந்து, நான்கு இருபதும் பதினைந்தும். அறை வாடகை 95 யூரோ என்று அவசரத்தில் சொல்ல வேண்டுமானால் வாய் பழகியிருக்க வேண்டும். சுவிஸ்காரரும் பெல்ஜியக்காரரும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் 'செப்தாந்த்', 'நொனாந்த்' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், போதும். தொலைபேசி எண்ணை பிரெஞ்சுக்காரர்கள் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வதால் இந்த எழுபது, எண்பது சிக்கல் அதிலும் வரும். ஒரு மாதம் முழுக்க விலை, நேரம், போன் நம்பர் மூன்றையும் மட்டும் பழக்குகிற டீச்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

குறைகளும் உண்டு. பரீட்சையில் மார்க் எடுக்க வைத்தே பழகிய டீச்சர்கள் பலர். முதல் வகுப்பிலேயே வினைச்சொல் அட்டவணையைத் திறந்து எழுதிக்கொள்ளச் சொன்னால் அந்த ஆள் உங்களுக்கு இல்லை. சோதனை வகுப்பு ஒன்று கேளுங்கள். அதில் முதல் பத்து நிமிடத்துக்குள் உங்களைப் பிரெஞ்சில் ஏதாவது பேச வைத்தாரா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் பணம். இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கட்டணம் அனுப்புவது எல்லோருக்கும் லேசான வேலையில்லை. எந்தக் கார்டு, எந்த வழி என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். தோட்டத்துப் பள்ளத்தில் வீடு இருந்தால் வீடியோவை நம்பாமல் குரல் மட்டும் வைத்துப் படிக்கத் தயாராக இருங்கள். காதுக்கு அதுவும் நல்லதுதான்.

மற்றவை

ஹோட்டல் பள்ளிகள்: அரசாங்கத்தின் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியிலும் பண்டாரவளையிலும் கல்லூரிகள் உண்டு. அங்கே போவதென்றால் தொழில் படிக்கப் போங்கள். மொழி அந்தப் படிப்பின் ஒரு துண்டுதான்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் டிவி5 மோந்த் தொலைக்காட்சியின் கற்றல் தளம்தான் என் தெரிவு. ஏ1-லிருந்து படிப்படியாகச் சின்னச் சின்ன வீடியோ, அதன் கீழே பயிற்சி, காதுக்கு அருமையான தீனி. ஆர்எஃப்ஐ வானொலி 'எளிய பிரெஞ்சில்' தருகிற பத்து நிமிடச் செய்தி நல்லதுதான், ஆனால் பெயரை நம்பி முதல் மாதத்திலேயே போய் உட்காராதீர்கள். அது ஆரம்பநிலையைத் தாண்டியவர்களுக்கு. டூவோலிங்கோவில் தினமும் கொஞ்சம் என்ற பழக்கம் வருகிறது, அதை மறுக்கவில்லை. வாசலில் நிற்கிற விருந்தாளியிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் அதில் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது, அவ்வளவுதான். இந்த மூன்றும் தொட்டுக்கொள்ளச் சரி, சோறு ஆகாது.

பாரிஸில் உறவினர் இருக்கிறாரா? லா ஷாப்பெல் பக்கம் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்களில் வடக்கிலிருந்து போனவர்கள்தான் அதிகம், என்றாலும் நம் பக்கத்து ஆட்களுக்கும் அங்கே தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அவரோடு பிரெஞ்சில் பேசிப் பாருங்கள், உண்மையான வேகம் பிடிபடும். அங்கே பிறந்த பிள்ளைகளிடம் பழகும்போது மட்டும் கவனம். அவர்கள் பேசுவது நண்பர்களிடையே ஓடும் பிரெஞ்சு, பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள், 'த்யூ' போட்டுத்தான் பேசுவார்கள். அதை அப்படியே கொண்டுவந்து அறுபது வயது விருந்தாளியிடம் பேசினால் நன்றாயிராது.

சான்றிதழ் வேண்டுமா?

முன்னே சொன்ன சர்வதேசத் தேர்வின் பெயர் டெல்ஃப். அதன் சான்றிதழ் பிரெஞ்சுக் கல்வி அமைச்சின் பெயரில் வருவது, ஆயுள் முழுக்கச் செல்லும். ஏ1-இல் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. அலுவலகச் சூழலை வைத்தே கேள்வி வரும் 'டெல்ஃப் ப்ரோ' என்ற வடிவமும் உண்டு. கொழும்பில் வேலை தேடுகிறவர் அது எப்போது, எந்த ஊரில் நடக்கிறது என்று அலியான்ஸில் விசாரிக்கலாம்.

கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு இது தேவையே இல்லை. எந்த விருந்தாளியும் சான்றிதழைக் காட்டச் சொல்வதில்லை. வேலை தேடுகிற பிள்ளைக்கும் ஏ1 தாள் மட்டும் பெரிய கனம் தராது. ஏ2, பி1 என்று ஏறும்போதுதான் நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேள்வி வரும். கனடா நினைப்பில் படிக்கிறவர்களுக்கு ஒன்று: அந்த நாட்டு மத்திய அரசின் குடிவரவுக்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்று தனித் தேர்வுகள் இருக்கின்றன, அவற்றின் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். வியாபாரத்துக்கான பிரெஞ்சையும் விசாவுக்கான பிரெஞ்சையும் ஒரே பையில் போட்டு யாராவது கட்டணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது? விடுதியோ ஹோம்ஸ்டேயோ நடத்துகிறவர் தமிழில் எடுக்கிற ஆன்லைன் டீச்சரை வாரம் இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு, நடுவில் டிவி5 கேட்டால் போதும். தொழிற்சாலையிலோ தேயிலைக் கடையிலோ இருப்பவர்கள் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டாம். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே டீச்சரை எடுத்து, மாலை கடை மூடியதும் அங்கேயே ஒரு திரையில் படித்தால் ஆளுக்குச் செலவும் குறையும், ஒருவரை ஒருவர் வாங்குபவராக நடிக்க வைத்துப் பழகவும் முடியும். செலவில் பாதியை நிர்வாகம் தருமா என்று முகாமையாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், விற்பனை கூடினால் லாபம் அவருக்கும்தான். வேலை தேடிக் கீழே இறங்குகிற பிள்ளைகள் கண்டியில் தங்க இடம் கிடைத்தால் அலியான்ஸ், இல்லாவிட்டால் ஏ1-ஐ வீட்டிலிருந்து முடித்துவிட்டு ஏ2-க்கு அங்கே சேர்வது. எங்கே சேர்ந்தாலும் பாதியில் தள்ளிவிடாமல் பி1 வரை போக மனது இருந்தால் மட்டும் சான்றிதழ் வழியில் இறங்க வேண்டும்.

காலக் கணக்கும் பார்க்க வேண்டும். பிரான்ஸில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் நீளமாகவும், பெப்ரவரியைச் சுற்றி வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தும் வருகிறது. நம் பக்கம் பிரெஞ்சுக் குரல் அதிகம் கேட்பதும் அப்போதுதான். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 60 மணி நேரம் முடிய 30 வாரம். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு தொடங்கினால் நவம்பர் நடுவில் முடியும். ஜூலை, ஆகஸ்ட் நெரிசலில் உங்களால் புத்தகத்தைத் தொட முடியாது என்பதையும் சேர்த்தால் ஜனவரி வரும், பெப்ரவரிக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கட்டணமில்லாமல் வகுப்பை நிறுத்தி வைத்து, இடத்தை மட்டும் பிடித்துவைக்கச் சம்மதமா என்பதை டீச்சரிடம் சேருகிற நாளிலேயே கேட்டுவிடுங்கள்.